அல்கோன்குயினில் முதல் கனூப் பயணம்: மூன்று பகல், இரண்டு இரவு

கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள அல்கோன்குயின் மாகாணப் பூங்காவுக்குள் கனூ என்ற ஒடுங்கிய துடுப்பு வள்ளத்தில் சென்று, இரண்டு இரவுகள் காட்டில் தங்கித் திரும்ப விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் கரடியைப் பற்றியே. அதற்கும் கீழே விடை எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தப் பயணத்தில் உயிருக்கு உண்மையில் ஆபத்தானவை குளிர்ந்த நீரும் அதன்மேல் வீசும் காற்றுமே என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். எந்த மாதத்தில் போவது, எத்தனை மணிக்கு ஏரியில் இறங்குவது, எந்தக் கரையை ஒட்டிச் செல்வது, எதை உடுத்துவது என்ற தீர்மானங்கள் எல்லாம் அந்த இரண்டையும் வைத்தே எடுக்கப்பட வேண்டும்.

1893இல் நிறுவப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு 7,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகம். 60ஆம் இலக்க நெடுஞ்சாலை அதன் தெற்குப் பகுதியை 56 கிலோமீற்றர் தூரம் ஊடறுத்துச் செல்கிறது. அந்தச் சாலையை விட்டு உள்ளே போனால் ஏரிகளும், அவற்றை இணைக்கும் சிற்றாறுகளும், ஏரிக்கும் ஏரிக்கும் இடையே வள்ளத்தைத் தோளில் சுமந்து கடக்கும் ஒற்றையடிப் பாதைகளுமே போக்குவரத்து. இப்படிப்பட்ட கனூப் பாதைகள் 2,000 கிலோமீற்றருக்கு மேல் இருக்கின்றன. பேர்ச் மரப்பட்டையால் கனூ கட்டி இந்த நீர்வழிகளில் தலைமுறை தலைமுறையாகச் சென்றுவந்தவர்கள் அனிஷினாபே மக்கள். பூங்காவின் பெயரும் அவர்களுள் ஒரு பிரிவினரான அல்கோன்குயின் மக்களிடமிருந்து வந்ததே. சுமந்து கடக்கும் பாதையைக் குறிக்கும் ‘போர்ட்டேஜ்’ என்ற சொல், சுமத்தல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. நான் இங்கே அதைச் சுமைப்பாதை என்றே எழுதுகிறேன்.

முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது கனூ ஏரியில் தொடங்கி, ஜோ ஏரி, ரீப்பீ ஏரி, லிற்றில் டோ ஏரி வழியாக ரொம் தொம்சன் ஏரி வரை சென்று அதே வழியில் திரும்பும் பாதையை. கனூ ஏரிக்கும் ஜோ ஏரிக்கும் இடையே ஓர் அணை இருக்கிறது. அதைச் சுற்றிச் செல்லும் சுமைப்பாதை 295 மீற்றர் நீளமானது. வழக்கமான நீர்மட்டத்தில் அதன்பிறகு வள்ளத்தைச் சுமக்க வேண்டியதில்லை. எப்போதாவது பீவர் என்ற நீர்விலங்கு மரங்களால் கட்டிய ஓர் அணையின்மேல் தூக்கி இழுக்க நேரலாம், அவ்வளவுதான். பாதையை அறிந்துகொள்ளவும், உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக்கொள்ளவும் இது போதுமானது. பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஒப்பியோங்கோவைப் படங்களில் பார்த்து மயங்கி முதல் பயணத்துக்கே அதைத் தெரிவுசெய்பவர்கள் உண்டு. அதன் அகன்ற நீர்ப்பரப்பில் காற்று தடையின்றி ஓடி அலைகளை எழுப்பும் என்பதால், புதியவர்கள் அதை இரண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு ஒத்திப்போடுவது நல்லது.

எப்போது போவது

ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோதான் ஏரிகளின் பனிக்கட்டி உருகி முடிகிறது. மே மாதத்தில் வெயில் முகத்தைச் சுடும்போதும் நீர் கொல்லும் குளிரிலேயே இருக்கும். அந்த மாத நடுவில் தொடங்கி ஜூன் கடைசி வரைக்கும் கறுப்பு ஈக்கள் காதோரத்தையும் மயிர்க்கரையையும் கடித்து இரத்தம் வடிய வைக்கும். அவற்றோடு நுளம்புகளும் சேர்ந்துகொள்ளும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் நீர் குளிக்கத்தக்க அளவுக்குச் சூடாகிறது, ஆனால் வார இறுதிகளில் கூட்டம் அதிகம். என் கணக்கில் மிகச் சிறந்த காலம் செப்டெம்பரின் முதல் இரண்டு வாரங்கள். ஈக்களும் நுளம்புகளும் பெரிதும் குறைந்திருக்கும், நீரில் கோடையின் சூடு இன்னும் எஞ்சியிருக்கும். இரவில் மட்டும் வெப்பநிலை சட்டென்று இறங்கும் என்பதால், உறக்கப் பையை அதற்கேற்பத் தெரிவுசெய்ய வேண்டும்.

உள்காட்டில் தங்குவதற்கு அனுமதிச் சீட்டு கட்டாயம். அதைப் பயண நாளுக்கு ஐந்து மாதங்கள் முன்னதாகவே பதிவுசெய்ய முடியும். நீங்கள் பதிவது ஏரியை. ஏரிக்கரையில் எந்த முகாமிடம் என்பது முதலில் போய்ச் சேர்கிறவருக்கு உரியது. ஆகவே பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேரும்படி நாளைத் திட்டமிடுவது, நல்ல இடத்துக்காக மட்டுமின்றி, இருட்டில் இடம் தேடி ஏரியைச் சுற்றும் நிலை வராமலிருக்கவும் அவசியம். ஒரு முகாமிடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கக் கூடாது. இரண்டு மூன்று குடும்பங்களாகச் சேர்ந்து போகும் வழக்கமுள்ள நாம், இந்த எண்ணிக்கையை முதலிலேயே கணக்கில் எடுத்து, தேவையானால் இரண்டு சீட்டுகள் பதிய வேண்டும்.

உள்காட்டுக்குள் உணவும் பானமும் அடைத்த தகரப் பேணிகளையும் கண்ணாடிப் போத்தல்களையும் கொண்டுபோவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. ரின்மீன் நம் வீடுகளில் அவசரத்துக்கு உதவும் பண்டம் என்பதால், புறப்படும் காலையில் யாராவது நான்கு பேணிகளைப் பையில் போட்டுவிடுவார்கள். ஊறுகாய்ப் போத்தலும் அப்படித்தான் வந்து சேரும். இரண்டையும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டு, வேண்டியதை உறுதியான பிளாஸ்டிக் டப்பாவிலோ பையிலோ மாற்றிக்கொள்ளுங்கள். அடுப்புக்கான எரிவாயு உருளைக்கும் பூச்சி விரட்டும் மருந்துக்கும் இந்தத் தடை இல்லை.

குளிர்நீர் என்ன செய்யும்

குளிர்நீரில் விழுந்தவருக்கு நேர்வதை மனிரோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிறெக்ட் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். அவர் பரப்பிய 1-10-1 என்ற கணக்கை வள்ளத்தில் ஏறும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். மிகக் குளிர்ந்த நீரில் விழுந்தவுடன் மூச்சு தன் கட்டுப்பாட்டை மீறி வாங்கும்; அதை அடக்க ஏறத்தாழ 1 நிமிடம் ஆகும். அதற்குப்பின் கைகால்கள் பயனுள்ள விதத்தில் இயங்குவது ஏறத்தாழ 10 நிமிடங்களுக்கே. உடல் வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் எடுக்கும். நீந்தத் தெரிந்தவர்களும் இறப்பது பெரும்பாலும் முதல் நிமிடத்தில் நீரை உள்ளிழுத்தோ, அடுத்த பத்து நிமிடங்களில் கைகள் செயலிழந்தோ என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அந்த ஒரு மணி நேரம் பயன்படுவது, உயிர்காப்பு அங்கி உடம்பில் கட்டியிருப்பவருக்கு மட்டுமே.

கனடிய விதிப்படி வள்ளத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். அதோடு மிதக்கும் எறிகயிறு குறைந்தது 15 மீற்றரும், நீர் இறைக்கும் பாத்திரமும், விசிலும் வேண்டும். ஆனால் அங்கியை இருக்கைக்குக் கீழே செருகி வைப்பதால் எந்தப் பயனும் இல்லை. கவிழ்ந்த வள்ளத்திலிருந்து அதைத் தேடி எடுத்து, நீருக்குள் மிதந்தபடி கொக்கிகளை மாட்டிக்கொள்ள முடியும் என்று நம்புகிறவர், ஒருமுறை வெதுவெதுப்பான நீச்சல் குளத்திலேயே அதைச் செய்து பார்க்கட்டும். நீச்சல் பழகும் வாய்ப்பே இல்லாமல் வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அவர்கள் இந்தப் பயணத்துக்கு வரலாம், வர வேண்டும் என்பதே என் விருப்பம். ஆனால் கரையில் கால் வைக்கும்வரை அங்கியைக் கழற்றக் கூடாது. நீந்தத் தெரிந்தவர்களும் அவ்வாறே செய்தால்தான் மற்றவர்கள் கூச்சமின்றி அதை அணிந்திருப்பார்கள்.

உடையில் பருத்தியைத் தவிருங்கள். நனைந்த பருத்தித் துணி நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு உடல் வெப்பத்தை உறிஞ்சும். ஜீன்ஸ் போன்ற மோசமான உடை இந்தப் பயணத்துக்கு வேறில்லை. கம்பளியும் செயற்கை இழைத் துணியும் நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். இரவுக்கென்று ஒரு முழு மாற்றுடையை நீர் புகாத பையில் கட்டி, எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழையிலும் காற்றிலும் நனைந்த ஒருவர் நடுங்கத் தொடங்கி, பேச்சுக் குழறி, கால் தடுமாறி, கையிலுள்ளதை நழுவவிடுகிறார் என்றால் உடல் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொல்வதை அப்போது ஏற்கக் கூடாது. உடனே கரைக்குப் போய், ஈர உடையைக் களைந்து, உலர்ந்த உடையோடு உறக்கப் பைக்குள் படுக்க வையுங்கள். தெளிவாக விழுங்க முடிந்தால் சர்க்கரை கரைத்த சூடான பானத்தைக் கொடுங்கள். கைகால்களைத் தேய்ப்பதும் மது கொடுப்பதும் தீங்கு செய்யும்.

வள்ளமும் துடுப்பும்

இருவர் செல்லும் பயணத்துக்கு 16 அல்லது 17 அடி நீளமுள்ள, கெவ்லர் என்ற எடை குறைந்த செயற்கை இழையாலான கனூவை வாடகைக்கு எடுங்கள். அதன் எடை ஏறத்தாழ 20 கிலோ. அலுமினிய வள்ளம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் முப்பது கிலோவைத் தாண்டும் அந்த எடை சுமைப்பாதையில் தோளில் வந்து உட்காரும்போது மிச்சப்படுத்திய பணம் நினைவுக்கு வராது. கெவ்லரின் குறை, பாறையில் உரசினால் கிழியக்கூடியது என்பதே. ஆகவே வள்ளம் முழுவதும் மிதக்கும் ஆழத்தில் நின்று ஏறவும் இறங்கவும் வேண்டும், கரையில் இழுக்கக் கூடாது.

ஏறும்போது இரு விளிம்புகளையும் பிடித்து, உடலைத் தாழ்த்தி, காலை வள்ளத்தின் நடுக்கோட்டில் வையுங்கள். சுமைகளையும் நடுவில், தாழ்வாக வைக்க வேண்டும். அணியத்தில், அதாவது முன்முனையில், இருப்பவர் வேகத்தைக் கொடுக்கிறார், பின்னால் இருப்பவர் திசையைக் காக்கிறார். இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் வலிக்க வேண்டும். கைகளால் மட்டும் வலித்தால் ஒரு மணி நேரத்தில் தோள் ஓய்ந்துவிடும். இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, துடுப்பின் அலகை முழுவதும் நீரில் இறக்கி, முழங்காலருகிலிருந்து இடுப்புவரை மட்டும் இழுத்து எடுத்துவிடுங்கள். பின்னால் இருப்பவர் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் மேல் கையின் பெருவிரல் கீழே பார்க்கும்படி துடுப்பைத் திருப்பி, அலகால் நீரைச் சற்று வெளியே தள்ளினால் வள்ளத்தின் முனை நேராக நிற்கும். இதற்கு ‘ஜே வீச்சு’ என்று பெயர். பக்கம் மாற்றி மாற்றி வலிப்பதைவிட இது களைப்புக் குறைவானது. வீட்டுக்கு அருகேயுள்ள ஒரு குளத்தில் இரண்டு மாலைகள் பழகிவிட்டு வருவது, முதல்நாள் ஏரியில் ஒருவரை ஒருவர் கடிந்துகொள்வதை முழுவதும் தவிர்க்கும்.

கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே, கோடையில், பழகிக்கொள்ளுங்கள். கவிழ்ந்த வள்ளம் மிதக்கும். அதை விட்டுக் கரைக்கு நீந்த முயலக் கூடாது. இரண்டு வள்ளங்களாகப் போவதன் பெரும் பயன் இங்கேதான் தெரியும். உதவிக்கு வரும் வள்ளத்தின் நடுப்பகுதிக்கு நேராக, கவிழ்ந்த வள்ளத்தின் ஒரு முனையைக் கொண்டுவந்து தூக்கி, விளிம்பின்மேல் குறுக்காக இழுத்தால் அதிலுள்ள நீர் வடிந்துவிடும். பிறகு அதைப் புரட்டி மீண்டும் நீரில் நழுவவிடலாம். விழுந்தவர்கள் அதுவரை உதவும் வள்ளத்தின் முனைகளைப் பிடித்திருக்க வேண்டும். வள்ளங்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக இறுக்கிப் பிடித்துக்கொண்டால் அவர்கள் ஏறிவிடலாம். சொல்வதற்கு நீளமாக இருந்தாலும், பழகியவர்களுக்கு இரண்டு மூன்று நிமிட வேலை. முன்பே சொன்ன பத்து நிமிடங்களுக்குள் அடங்கும் வேலை.

காற்றுக்குக் காத்திருத்தல்

எங்கள் கடலோரத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றைக் கச்சான் என்பார்கள். அல்கோன்குயினிலும் பெரும்பாலும் மேற்குப் புறத்திலிருந்தே காற்று வீசுகிறது. விடிகாலையில் ஏரி கண்ணாடிபோலக் கிடக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் அலை எழும். மாலையில் மறுபடி தணியும். ஆறரைக்கு எழுந்து ஏழரைக்கு ஏரியில் இறங்கும் குழு, ஒன்பதரைக்கு இறங்கும் குழுவைவிட எப்போதும் பத்திரமாகவே போய்ச் சேரும். கரையை ஒட்டிச் செல்வது சற்றுத் தூரம் கூடினாலும் அதையே செய்யுங்கள். அதிலும் காற்று வரும் பக்கத்துக் கரை மரங்களின் மறைவில் அமைதியாக இருக்கும்.

எதிர்காற்றில் வள்ளத்தின் முன்பக்கத்தில் எடையைச் சற்றுக் கூட்டுங்கள். பின்காற்றில் பின்பக்கத்தில் கூட்டுங்கள். அலை உயர்ந்தால் இருவரும் இருக்கையை விட்டு இறங்கி முழங்காலிட்டு வலிக்க வேண்டும். எடை தாழும்போது வள்ளம் உறுதியாகிறது. அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், நேருக்கு நேராகவும் இல்லாமல், சற்றுச் சாய்வாக அணியத்தால் ஏறிக் கடந்தால் நீர் உள்ளே தெறிப்பது குறையும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு, திரும்பும் நாளன்று, கனூ ஏரியின் நடுவே காற்றில் மாட்டிக்கொண்டோம். திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டும் என்ற ஒரே காரணத்தால், கரையிலிருந்து பார்த்தபோதே அலைகளின் தலை வெள்ளையாக உடைவதைக் கண்டும் இறங்கியிருந்தோம். முதல் இருநூறு மீற்றருக்குள் அணியத்திலிருந்த என் மைத்துனரின் மடி நனைந்தது. அடுத்த அலை விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தபோது, வள்ளத்தின் அடியில் நீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடுவதையும், ஓடிய பக்கமெல்லாம் வள்ளம் சாய்வதையும் முழங்காலில் உணர்ந்தேன். வள்ளத்தைத் திருப்ப முயன்றால் அலை பக்கவாட்டில் அறையும் என்பதால் திருப்பாமல், இடப்பக்கமிருந்த முனையை நோக்கிச் சாய்வாகவே வலித்து, ஒரு பாறையின் மறைவில் ஒதுங்கினோம். அங்கே தறப்பாளைக் கட்டி, தேநீர் வைத்து, மாலை ஆறரை மணி வரை உட்கார்ந்திருந்தோம். காற்று தணிந்தபின் அதே தூரத்தை அரை மணி நேரத்தில் கடந்தோம். அதன்பின் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் உணவை மேலதிகமாக எடுத்துச் செல்கிறேன். திரும்பும் நாளுக்கு மறுநாள் விடுப்பு இல்லாவிட்டால் பயணத்தையே வைத்துக்கொள்வதில்லை.

அந்த ஏரியின் ஹேஹேர்ஸ்ட் முனையில் ஓவியர் ரொம் தொம்சனுக்கு 1917இல் எழுப்பிய கற்குவியல் நினைவுச்சின்னம் இருக்கிறது. இந்த நீர்வழிகளை நன்கு அறிந்து, ஆண்டுக்கு ஆண்டு கனூவில் திரிந்து வரைந்த அவர், 1917 ஜூலையில் இதே ஏரியில் இறந்தார். அவர் எப்படி இறந்தார் என்பது பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. போகும் வழியில் அங்கே இறங்கிப் பாருங்கள்.

இடிமுழக்கத்துக்கு ஒரு எளிய விதி உண்டு. மின்னலைக் கண்டதிலிருந்து இடியைக் கேட்கும்வரை எண்ணுங்கள். 30 விநாடிக்குள் கேட்டால் நீரை விட்டு வெளியேறுங்கள். கடைசி இடிக்குப்பின் 30 நிமிடங்கள் கழித்தே மீண்டும் இறங்குங்கள். கரையில் தனித்து உயர்ந்த மரத்தின் அடியிலும் ஏரிக்குள் நீண்ட முனையிலும் நிற்கக் கூடாது.

சுமைப்பாதை

கரையில் மஞ்சள் நிறப் பலகை தெரிந்தால் அது சுமைப்பாதையின் தலை. சுமைகளையும் வள்ளத்தையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாமல் இருமுறை சுமப்பவர், பாதையை மூன்றுமுறை நடக்கிறார்: சுமந்து போய், வெறுங்கையோடு திரும்பி, மீண்டும் சுமந்து போக வேண்டும். 295 மீற்றர் இப்படி 885 மீற்றராகும், அது பரவாயில்லை. அடுத்த ஆண்டு 2 கிலோமீற்றர் சுமைப்பாதை உள்ள வழியைத் தெரிவுசெய்யும்போது அது 6 கிலோமீற்றர் நடையாகும் என்பதை நினைவில் வைத்து நாளைத் திட்டமிடுங்கள்.

வள்ளத்தைத் தூக்குவதில் பலமல்ல, ஒழுங்கே வேலை செய்கிறது. வள்ளத்தின் நடுவே நின்று, அருகிலுள்ள விளிம்பைப் பிடித்து, முழங்காலை மடக்கி அதைத் தொடைகளின்மேல் ஏற்றுங்கள். வள்ளத்தின் வாய்ப்பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். ஒரு கையால் நடுவிலுள்ள நுகத்தைப் பிடித்து, மறுகையை நீட்டி எட்ட உள்ள விளிம்பைப் பற்றுங்கள். இப்போது மூச்சை ஒருமுறை விட்டு, தொடையால் ஒரு உந்து கொடுத்து, உடலைத் திருப்பியபடியே வள்ளத்தைத் தலைக்குமேல் புரட்டினால், நுகம் இரு தோள்களிலும் வந்து அமரும். நம் ஊரில் மாட்டின் கழுத்தில் வைக்கும் நுகத்தின் அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அமர்ந்தபின் எடை திடீரெனப் பாதியானதுபோல் தோன்றும். முன்முனையைச் சற்று உயர்த்திப் பிடித்தால் பாதை தெரியும். முதல் சில தடவைகள் இன்னொருவர் வள்ளத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடிக்க, நீங்கள் அதன் கீழே நுழைந்து நுகத்தைத் தோளில் வாங்குவது இன்னும் எளிது. அதில் எந்தக் குறைவும் இல்லை.

நழுவி விழுவது பெரும்பாலும் பாதையின் இரு தலைகளிலும், பாசி படிந்த கற்களில்தான். குதி மூடிய, நனையலாம் என்று ஒதுக்கிய சப்பாத்தையே அணியுங்கள். திரும்பி வரும்போது ஜோ ஏரியின் அணையை நெருங்குமுன்பே மஞ்சள் பலகையைத் தேடி ஒதுங்கிவிட வேண்டும்; அணையையோ விரைந்தோடும் நீரையோ வள்ளத்தில் கடக்க முயலக் கூடாது.

முகாமிடத்தில்

செம்மஞ்சள் பலகை முகாமிடத்தைக் காட்டும். கரையேறியதும் கூடாரத்தை விரிக்குமுன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பட்டுப்போன மரமோ, ஒடிந்து தொங்கும் கிளையோ உங்கள் படுக்கைக்கு நேராக இருந்தால், எவ்வளவு சமதளமான இடமானாலும் அதை விட்டுவிடுங்கள். பிறகு முதலில் தறப்பாளைக் கட்டுங்கள். மழை வந்தால் சமைக்கவும் உட்காரவும் ஓர் இடம் இருப்பது மனத்தளர்ச்சியைப் பெரிதும் தடுக்கும்.

ஏரிநீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி வயிற்றைப் பல நாட்களுக்குக் கெடுக்கும். இங்குள்ளவர்கள் அதைப் பீவர் காய்ச்சல் என்கிறார்கள். வடிகட்டியைப் பயன்படுத்துங்கள், அல்லது நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விடுங்கள். பாத்திரம் கழுவுவதும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும் ஏரிக்குள் வேண்டாம். கரையிலிருந்து ஏறத்தாழ எழுபது அடி எடுத்து வைத்து உள்ளே போய் அந்த நீரை மண்ணில் ஊற்றுங்கள். முகாமிடத்தின் பின்னே ஒரு சிறு பாதையின் முடிவில் மூடியுள்ள மரப்பெட்டி ஒன்று இருக்கும்; அதுவே கழிப்பிடம். அதற்குள் குப்பை போடக் கூடாது.

சமையலை அடுப்பில் செய்யுங்கள். நெருப்பை மாலைக்கு வையுங்கள். புறப்படுமுன் தீத்தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கற்களால் வட்டமிட்ட இடத்தில் மட்டுமே மூட்டலாம். விழுந்து காய்ந்த விறகையே எடுங்கள். உயிருள்ள பேர்ச் மரத்தின் பட்டையை உரித்தால் அந்த வடு ஆறுவதில்லை. விழுந்துகிடக்கும் பேர்ச்சின் பட்டை போதும்: மழையில் நனைந்திருந்தாலும், அதன் எண்ணெய்ப் பசையால், கறுத்த புகையோடு சுருண்டு சுருண்டு பற்றும். அதன்மேல் ஈர்க்குத் தடிப்பில் குச்சிகள், பிறகு விரல் தடிப்பு, பிறகு மணிக்கட்டுத் தடிப்பு என்று ஏற்றுங்கள். படுக்கப் போகுமுன் நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்று தெரிந்தபின்னரே நகருங்கள்.

உணவைப் பற்றி நமக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அவல், வறுத்த ரவை, வறுத்த மா, பருப்பு, பொடிச்சம்பல் ஆகியவை எடை குறைந்தவை, கெடாதவை, பத்து நிமிடத்தில் சாப்பாடாகக்கூடியவை. கடைகளில் விற்கும் உலர்த்திய பொட்டல உணவைவிட எனக்கு இவையே மேல். ஆனால் கருவாட்டை வீட்டில் விட்டுவிடுங்கள். கருவாடு பொரித்த மணமும் தாளித்த எண்ணெய் மணமும் காற்றில் வெகுதூரம் போகும். உடையிலும் தறப்பாளிலும் ஒட்டிக்கொண்டு இரவு முழுவதும் இருக்கும்.

கரடியும் காட்டுமானும்

இங்கே இருப்பது கறுங்கரடி. அது பெரும்பாலும் மனிதரைத் தவிர்க்கும். முகாமுக்கு அதை வரவழைப்பது மணம். ஆகவே உணவோடு பற்பசை, சவர்க்காரம், வெயில் களிம்பு, குப்பை அனைத்தையும் ஒரே பையில் கட்டி, வெளிச்சம் இருக்கும்போதே, கூடாரத்திலிருந்து தள்ளி ஒரு மரத்தில் தொங்கவிடுங்கள்: நிலத்திலிருந்து குறைந்தது 4 மீற்றர் உயரத்தில், அடிமரத்திலிருந்து குறைந்தது 2 மீற்றர் விலகி. ஒரு சிறு துணிப்பையில் கல்லைப் போட்டுக் கயிற்றின் நுனியில் கட்டி எறிந்தால் கிளைக்குமேல் கயிறு விழும். இருட்டியபின் இதைச் செய்ய முயன்றால் ஒரு மணி நேரம் போய்விடும். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது. பிள்ளைகளின் சட்டைப்பைகளைச் சோதித்துவிடுங்கள்.

கரடியைக் கண்டால் ஓடாதீர்கள், மரத்தில் ஏறாதீர்கள். எல்லோரும் ஒன்றாக நின்று, உறுதியான குரலில் பேசியபடி, அது விலகிச் செல்ல வழிவிட்டு மெல்லப் பின்வாங்குங்கள். கரடி ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பையின் அடியில் அல்ல. சத்தமில்லாமல், விடாமல் பின்தொடர்ந்து நெருங்கும் கரடியே ஆபத்தானது. அது தாக்கினால் இறந்தவர்போல் கிடக்காமல் கல்லாலும் தடியாலும் துடுப்பாலும் எதிர்த்துப் போராட வேண்டும். மூஸ் என்ற பெரிய காட்டுமானை மக்கள் சாதுவென்று எண்ணி நெருங்குகிறார்கள். மே, ஜூனில் கன்றுடன் நிற்கும் தாயும், செப்டெம்பர், ஒக்டோபரில் இணை தேடும் ஆணும் எதிர்பாராமல் பாயக்கூடியவை. வள்ளத்திலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வழியும் செய்தியும்

உள்ளே கைபேசிக்குத் தொடர்பு கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பூங்காவின் கனூப் பாதை வரைபடத்தை நீர் புகாத உறையில் இட்டு, கண்முன்னே வைத்து, கடந்துவந்த இடத்தில் பெருவிரலை வைத்தபடியே நகருங்கள். நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போது தீவும் கரையும் ஒன்றாகவே தெரியும் என்பதால், ஒருமுறை வழி தவறிவிட்டால் மறுபடி இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம். இந்தப் பகுதியில் திசைகாட்டியின் முள் உண்மையான வடக்கிலிருந்து 10 பாகைக்கும் மேலாக மேற்கே விலகி நிற்கிறது. திசைகாட்டி காட்டும் பாகையிலிருந்து அதைக் கழித்தே உண்மையான திசையைக் கணக்கிட வேண்டும். செய்மதிவழிச் செய்தி அனுப்பும் கருவியை வாடகைக்கு எடுப்பது நல்லது. முதலுதவிப் பையில் மற்றவற்றோடு கொப்புளத்துக்கும் சுடுநீர்க் காயத்துக்கும் கணுக்கால் சுளுக்குக்கும் உரியவை கட்டாயம் இருக்கட்டும். என் பயணங்களில் பை திறக்கப்பட்டது பெரும்பாலும் இந்த மூன்றுக்கே.

புறப்படுமுன் வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் ஒரு தாளைக் கொடுங்கள். அதில் எந்த நுழைவிடம், எந்த ஏரியில் எந்த இரவு, எத்தனை பேர், வள்ளத்தின் நிறம், வாகனத்தின் இலக்கம், எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் பூங்காவையும் பொலிசையும் தொடர்புகொள்ள வேண்டும் என்பவை தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தைக் குறிக்கும்போது காற்றுக்குக் காத்திருக்கக்கூடிய மணித்தியாலங்களையும் சேர்த்தே குறியுங்கள். அப்போதுதான் அலையடிக்கும் ஏரியில், வீட்டில் தேடுவார்களே என்ற பதற்றத்தால் இறங்க மாட்டீர்கள். கரையேறி, வள்ளத்தை ஒப்படைத்து, நெடுஞ்சாலையில் தொடர்பு கிடைத்த முதல் இடத்திலேயே வாகனத்தை நிறுத்தி அவரை அழைத்துவிடுங்கள்.